எடை வைக்காத கோடு

எட்டு வருடம் நான் ஒரு ரப்பர் விரலை அழுத்திக்கொண்டிருந்தேன். பிஹெச்டியில் என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன். தலைப்பைச் சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

கண்ணாடி போலத் தெளிந்த சிலிக்கான் ரப்பரில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு விரல். ஒரு முனையில் சிவப்பு எல்இடி. மறுமுனையில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு சின்னச் சில்லு. விரலை அழுத்தினால் ரப்பர் நசுங்கும், உள்ளே ஓடுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் வெளியே சிதறும், மறுமுனைக்குக் குறைவாக வந்து சேரும். எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிடலாம். இப்படி இரண்டு விரலை ஒரு இயந்திரக் கைக்குப் பொருத்தினால், அது தக்காளியை நசுக்காமல் எடுத்துப் பெட்டியில் அடுக்கும். அதுதான் திட்டம்.

தக்காளி என் கைடு சொன்ன யோசனை. அவர் நெய்க்காரப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பெட்டியின் அடியில் கிடக்கும் பழம் என்ன ஆகும் என்று சிறு வயதிலிருந்தே பார்த்தவர். நான் அதே கல்லூரியில் உதவிப் பேராசிரியர். காலையில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் ஆராய்ச்சி. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் நூல் மில்லில் மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் வேலை. இதெல்லாம் வெளிப்பட்ட வருடம் எங்கள் பெண் இரண்டாம் வகுப்பு.

வெளிச்சத்தை அளக்கிற வேலைக்கு இருட்டு வேண்டும். எங்கள் லேபின் மூலையில் முன்பு ரசாயனப் பாட்டில்கள் வைத்திருந்த ஒரு அறையை எனக்குக் கொடுத்தார்கள். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, சுவருக்கும் கதவுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்து, கதவின் உள்பக்கம் கறுப்புத் துணியும் தொங்கவிட்டோம். மின்விசிறி போட்டால் துணி ஆடும், ஆடினால் இடுக்கு வழியாக வெளிச்சம் வரும் என்று விசிறியைக் கழற்றிவிட்டோம். ஏசி கேட்டு நான் எழுதிய கடிதம் எந்த மேஜையில் தங்கியதோ தெரியவில்லை. பழைய ஸ்டோர் ரூம் என்பதால் தாழ்ப்பாளும் லைட் சுவிட்சும் வெளிப்பக்கம்தான் இருந்தன. சித்திரை வைகாசியில் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் புடவையைப் பிழியலாம். செல்போனின் வெளிச்சமும் ஆகாது என்று அதை வெளியே மேஜையில் வைத்துவிட்டுப் போவேன்; கம்ப்யூட்டர் திரைமேலும் ஒரு துணியைப் போட்டுவிடுவேன்.

ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒலிக்கும். ஒலித்ததும் விரலின் மேல் இன்னொரு எடைக்கல்லை வைக்க வேண்டும். இருபது கல். கடைசிக் கல் வைத்து முடித்ததும் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கியிருக்கும். எடை ஏற ஏற வெளிச்சம் குறைகிறது. ஸ்கேல் வைத்து வரைந்தது போல நேரான கோடு.

அந்தக் கோட்டைப் பத்து முறை எடுத்தேன். பத்தும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போலப் பொருந்தின. எடையை ஏற்றியது போலவே இறக்கியும் பார்க்க வேண்டும் என்று பார்த்தபோது மட்டும் கோடு ஒத்துவரவில்லை. "ரப்பர்தானுங்க அம்மணி, அமுக்கினா உடனே பழைய நெலைக்கு வருமா? அதை ஒரு வரில எழுதிருங்க" என்றார் கைடு. நூல்களிலும் ரப்பரைப் பற்றி அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு வரியில் எழுதினோம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கல்லூரி வாசலில் எங்கள் இருவர் படத்தையும் போட்டு பேனர் வைத்தார்கள். அடுத்த வருடம் கைடு துறைத்தலைவர் ஆனார். அந்தக் கட்டுரையை முன்வைத்து ஒரு புதிய ஆய்வுத் திட்டமும் கிடைத்தது.

அந்தத் திட்டத்தில் சேர்ந்தவள்தான் சேவுகம்பட்டிப் பெண். எம்.இ. முடித்த கையோடு வந்திருந்தாள். என் விரலைப் போலவே இரண்டு செய்து, அவற்றை இயந்திரக் கையில் பொருத்தித் தக்காளியை எடுக்கவைப்பது அவள் வேலை. நான் வகுப்புக்குப் போய்வருவதற்குள் என் மேஜையைத் துடைத்து, கம்பிகளை நிறவாரியாகச் சுருட்டி வைத்திருப்பாள். என் இருட்டறையில் இரண்டு பேருக்கு இடமில்லை. அவள் வெளியே பெரிய ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, விரலை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடி வேலை செய்தாள்.

முதலில் அவள் செய்ய வேண்டியிருந்தது என் கோட்டைத் தானும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தோம். ஒரு வருடம் ஆகியும் முடியவில்லை.

"உங்களுக்கு வர்றதுல பாதிதான்க்கா வருது. அதுவும் ஒரு நாள் வந்த மாதிரி மறுநாள் வரல."

"ரப்பர் கலக்கும்போது காத்துக் குமிழி சேர்ந்திருக்கும். திரும்ப ஊத்திப் பாரு."

அவள் திரும்பத் திரும்ப ஊற்றினாள். நாற்பது விரலுக்கு மேல் செய்திருப்பாள். எல்லாவற்றுக்கும் எண் எழுதி ஒட்டி, ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தாள். "கல்லை வைக்கும்போது கை ஆடுது, நிதானமா வை" என்பேன். வலது கை மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வைப்பாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். என் பேர் போட்ட கட்டுரை அச்சில் இருக்கிறது, அவள் கையில்தான் ஏதோ சரியில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு சனிக்கிழமை. அரை நாள்தான் கல்லூரி. என் சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டின் சுருக்கத்தைக் கமிட்டி முன் வைக்கும் நாள், இரண்டு மாதத்தில் இருந்தது. இருட்டறையில் ஒரு கம்பி இணைப்பு விட்டுப்போயிருந்ததால் அதைச் சரிபார்க்க மத்தியானம் உள்ளே போனேன். எடைக்கல் பெட்டியைக் காலையிலேயே அந்தப் பெண் வாங்கிப் போயிருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் மங்கிய வெளிச்சத்தில் குனிந்து இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. லேப் அசிஸ்டென்ட் ஹாலின் ஜன்னல்களைச் சாத்துகிறார் என்று நினைத்தேன். வேலை முடிந்து கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

அவர் மேல் தப்பில்லை. உள்ளே லைட் எரியவில்லை. துணிக்குப் பின்னால் ஆள் இருப்பது எப்படித் தெரியும்? தாழ்ப்பாளைப் போட்டு, ஹாலையும் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். ரப்பரை இறுகவைக்கும் சூட்டடுப்பு சனி, ஞாயிறும் ஓட வேண்டும் என்பதால் மெயினை மட்டும் அணைக்கவில்லை.

கதவைத் தட்டினேன். பிறகு இரண்டு கையாலும் அடித்தேன். பிறகு கத்தினேன். கறுப்புத் துணியும் செங்கல்லும் என் குரலை அங்கேயே வைத்துக்கொண்டன. சுவர் தெரியாத இருட்டில் உட்கார்ந்து, காற்று எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்று மனக்கணக்குப் போட முயன்றேன். அறையின் நீளம் அகலம் நினைவிருந்தது. ஒரு ஆள் எவ்வளவு மூச்சு விடுவார் என்பது மறந்துபோயிருந்தது. என் மகள் பள்ளி விட்டு வந்து கீழ்வீட்டில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் பாட்டிலும் போனும் வெளியே மேஜையில். கம்ப்யூட்டருக்கு இணையம் கிடையாது. அழுகை வந்தது, சிறிது நேரம் அழுதேன். வேர்வையும் கண்ணீரும் எது எதென்று தெரியவில்லை.

நேரம் போவது தெரியாததுதான் தாங்க முடியாததாக இருந்தது. திரையில் கடிகாரம் இருந்தது. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அது நகரவேயில்லை. அப்போதுதான் சோதனையை ஓடவிடலாம் என்று தோன்றியது. மூன்று நிமிடத்துக்கு ஒரு பீப் சத்தமாவது துணைக்கு இருக்கும். இருபது பீப் என்றால் ஒரு மணி நேரம். ஓடவிட்டுத் திரையைத் துணியால் மூடிவிட்டு, சுவரில் சாய்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபதாவது ஒலித்ததும் துணியை விலக்கினேன். திரையில் என் கோடு இருந்தது.

பழைய கோப்பைத் திறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி. நேரம், அந்த நேரம். ரப்பர் விரலைத் தொட்டுப் பார்த்தேன். அதன்மேல் ஒரு கல்லும் இல்லை. பெட்டியே அறையில் இல்லை. ஆனால் கோடு இடமிருந்து வலமாகச் சாய்ந்து, நேராக இறங்கியிருந்தது. என் கட்டுரையில் இருந்த அளவுக்கு இல்லை. அதில் பாதி இருக்கும்.

உடனே இன்னொரு முறை ஓடவிட்டேன். கோடு முன்பைவிடக் குறைவாகச் சாய்ந்தது. எல்இடியின் அடியில் என் விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அப்போது புரிந்துவிட்டது. எல்இடி சூடாகச் சூடாக வெளிச்சம் மங்கும். இரண்டாம் முறை அது ஏற்கெனவே சூடாக இருந்ததால்தான் சாய்வு குறைந்தது. காற்றாடாத அறையில் ஒரு மணி நேரத்தில் அது படிப்படியாகச் சூடாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் சின்னக் கல்லில் தொடங்கிப் பெரிய எடை வரை ஏறுவரிசையிலேயே வைத்திருக்கிறேன். நேரமும் எடையும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. எடையால் குறைந்தது எவ்வளவு, சூட்டால் குறைந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே வைக்கவில்லை. எடையை இறக்கியபோது கோடு ஒத்துவராததற்கும் ரப்பர் மட்டும் காரணமில்லை. பத்து முறையும் பொருந்தியதற்குக் காரணம், பத்து முறையும் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்ததுதான். மின்விசிறிக்குக் கீழே அவ்வளவு சூடேறாது, அங்கே உட்கார்ந்தவளுக்குப் பாதி வந்தது. அவளுக்கு வந்ததுதான் சரி.

ஐந்தரை மணிக்குக் கதவு திறந்தது. கணவரும் வாட்ச்மேனும் நின்றார்கள். பெண்ணைக் கூப்பிட நான் வராததால் கீழ்வீட்டுக்காரர்கள் மில்லுக்கு போன் செய்திருக்கிறார்கள்.

"என்னாச்சு உனக்கு? எம்புட்டு நேரமா உள்ள கெடக்க?" அவர் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"எடை வைக்காமயே கோடு வருதுங்க" என்றேன்.

அவர் வாட்ச்மேனைப் பார்த்தார். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

வீட்டில், சாப்பிட்ட பிறகு விளக்கிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். "எங்க மில்லுல நூல் அறுந்தாப் பாக்குற கண்ணு ஒண்ணு இருக்கும். வெளிச்சத்த வச்சுத்தான் பாக்கும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் அதத் தொடச்சு, சும்மா ஓட்டி, பூஜ்யம் வச்சுட்டுத்தான் நூலக் கோப்போம். நீங்க வைக்க மாட்டீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

திங்கட்கிழமை காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாற்பது நாள் சொல்லவில்லை.

காரணங்கள் இருந்தன. பதிவுக் காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியிருந்தார்கள். சினாப்சிஸ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று வாங்கிக்கொண்ட அசல் சான்றிதழ்கள், பத்தாம் வகுப்பிலிருந்து எம்.இ. வரை, அலுவலக பீரோவில் இருந்தன. பிஹெச்டி முடியாமல் அவற்றைக் கேட்க முடியாது; அவை இல்லாமல் வேறு எங்கும் வேலைக்குப் போக முடியாது. கட்டுரை தப்பு என்றால் ஆய்வேட்டில் மூன்று அத்தியாயம் போகும். கைடின் பதவி, திட்டம், வாசலில் வைத்த பேனர், எல்லாம் அந்த ஒரு கோட்டின் மேல் நின்றன. தினமும் காலையில் எழும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். டவுன் பஸ்ஸில் ஏறும்போது, சினாப்சிஸ் முடியட்டும் என்று நினைப்பேன். இருட்டறைக்குப் போகாமலிருக்க, வேறு வேறு வேலைகளை இழுத்துப்போட்டுக்கொண்டேன். போக வேண்டி வந்தால் கதவுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு வைத்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "செத்த நேரம் பக்கத்துல நின்னு பாருங்கக்கா. நான் எங்க தப்புப் பண்றேன்னு சொல்லுங்க."

போய் நின்றேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாக வைத்தாள். கை கொஞ்சமும் ஆடவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் நிதானமா வை" என்றேன்.

தெரிந்த பிறகு சொன்னது அது. இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. எட்டாவது நாள் நான் வத்தலக்குண்டு பஸ் பிடித்து, அங்கிருந்து மினி பஸ்ஸில் சேவுகம்பட்டி போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அவளுடைய அப்பா வாசலில் வெங்காயத்தைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "ஒருவாரமா படுத்தே கெடக்கு. சோறும் சரியா திங்கல. கேட்டா, அக்காவுக்கு வந்தது எனக்கு வரலப்பா, எனக்கு அம்புட்டு மூளை இல்லங்குது. பள்ளிக்கூடத்துல மொத மார்க்கு வாங்குன புள்ள டீச்சர். நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்பா டீ வாங்கப் போனார். வெங்காயத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

"உன் கையில தப்பில்ல" என்றேன். "என் கோடுதான் தப்பு."

பூட்டிக்கொண்ட சனிக்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒரே கேள்வி கேட்டாள்.

"அது என்னைக்கு நடந்துச்சு?"

தேதியைச் சொன்னேன். அவள் மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது.

"அப்ப அன்னைக்கு வந்து பக்கத்துல நின்னீங்களே?"

"ஆமா."

அப்பா டீயோடு வந்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் டீயைக் குடித்தேன். குடிக்காமல் வந்திருந்தால் அவருக்கு என்னவோ போல் ஆகியிருக்கும். "தெளிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டார். "அவ நல்லாத்தாங்க பண்ணியிருக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். பணிவுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மறுநாள் கைடின் அறைக்குப் போனேன். எடை வைக்காமல் எடுத்த கோடுகளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அதற்குள் ஆறு முறை எடுத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, சாய்வுல பாதி எடையாலதானுங்க? அப்ப பாதி சரிதானே?"

"எது பாதின்னு நமக்குத் தெரியாதுங்க சார்."

"தீசிஸ் முடியட்டும். அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாமுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"அந்தப் பொண்ணு ஒரு வருஷம் இதை நம்பி உக்காந்திருக்கா சார். இப்ப வெளியில நாலு பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க. அவங்க லேப்லயும் யாராச்சும் ஒருத்தி உக்காந்திருப்பா."

அவர் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். ஆய்விதழுக்கு நான் எழுதி வைத்திருந்த கடிதத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அதை மேஜைமேல் விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டரை மாதம் அவர் என்னோடு பேசவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். அவர் கையெழுத்து இல்லாமல் கடிதம் போகாது. அவர் கையெழுத்து இல்லாமல் சினாப்சிஸும் இல்லை. குறித்திருந்த தேதி வந்து போனது. தப்பான ஆய்வேட்டைக் கொடுக்கவும் முடியாமல், சரியான ஒன்றைத் தொடங்கவும் அனுமதி இல்லாமல், நான் காலையில் முதலாண்டு வகுப்பும் மத்தியானம் வெறும் நாற்காலியுமாக இருந்தேன். ஒருநாள் பெண் கேட்டாள், "அம்மா, நீ எந்த வருஷம் பாஸாவ?" கணவர் அவளை அதட்டினார். நான் வேண்டாம் என்றேன்.

சேவுகம்பட்டிப் பெண் திரும்பி வந்திருந்தாள். என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். ஒரு மாதத்தில் தன் பிஹெச்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பம் கொடுத்தாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. இறுகிய நாற்பது விரல்களையும் தட்டோடு என் மேஜையில் வைத்துவிட்டு, "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன மறு வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைடு லேபுக்கு வந்தார். லேப் அசிஸ்டென்ட் எழுந்து நின்றார். அவரைக் கவனிக்காமல் என்னிடம், "அதை ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

இருட்டறைக்குள் ஒரே நாற்காலி. அவர் உட்கார்ந்தார், நான் கதவருகில் நின்றேன். எடைக்கல் பெட்டியை அவரே கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சோதனையை ஓடவிட்டேன். பீப் ஒலிக்கும்போது ஒவ்வொரு முறையும் அவர் பெட்டிமேல் இருந்த கையை லேசாகத் தூக்கி மறுபடியும் வைத்துக்கொண்டார். பாதி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முடிந்ததும் திரையைப் பார்த்தார்.

"இவ்வளவு வெக்கையாவா இருக்கும் இங்க?"

"மழைக்காலத்துல கொஞ்சம் பரவாயில்ல சார்."

"ஆறு வருசத்துல நான் ஒரு தடவகூட முழுசா இங்க உக்காரலைங்க அம்மணி." எழுந்து, பெட்டியை என்னிடம் கொடுத்தார். "உக்காந்திருக்கோணும். கடுதாசியக் கொண்டாங்க."

கையெழுத்துப் போட்டார். ஆய்விதழில் எங்கள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக நான்கு வரி அறிவிப்பு வந்தது. நிர்வாகத்தில் கூப்பிட்டு, கல்லூரியின் கட்டுரைக் கணக்கில் ஒன்று குறைகிறதே என்று கேட்டார்கள். கமிட்டியில் ஒருவர், "இம்புட்டு நாள் என்னதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். கைடு, "நான்தானுங்க பாத்திருக்கோணும்" என்றார். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. திட்டத்தின் இரண்டாம் கட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

பதிவைக் கடைசி முறையாக இரண்டு வருடம் நீட்டினார்கள். முதலிலிருந்து தொடங்கினேன். எல்இடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சில்லைப் பொருத்தி, அது விரலைப் பார்க்காமல் எல்இடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தேன். எல்இடி மங்கினால் அது சொல்லிவிடும். எடையை ஏறுவரிசையில் வைக்காமல், டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, வந்த எண்ணுக்கு உரிய எடையை வைத்தேன். தினமும் எடையே இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகுதான் தொடங்குவேன். வெப்பம் அதேதான். நாற்காலியும் அதேதான். சில மத்தியானங்களில் மூச்சு முட்டுவது போலிருக்கும். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடியும் போவேன்.

எல்லாம் சரிசெய்த பிறகு என் விரலுக்கு என்ன தெரிந்தது என்றால், மூன்று விஷயம் தெரிந்தது: பட்டிருக்கிறது, பிடித்திருக்கிறது, இதற்கு மேல் அழுத்தினால் நசுங்கும். அவ்வளவுதான். இத்தனை கிராம் என்று சொல்லாது. தக்காளிக்கு அது ஓரளவு போதும். நன்றாகப் பழுத்ததற்குப் போதாது. அப்படியே எழுதினேன். எடை வைக்காமல் வந்த கோட்டுக்கு ஒரு தனி அத்தியாயம் வைத்தேன். அதில், சேவுகம்பட்டிப் பெண் எடுத்த அளவுகள்தான் முதலில் சரியாக வந்தவை என்று எழுதி அவற்றையும் அட்டவணையாகச் சேர்த்தேன்.

வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது இல்லாமலே ஆய்வேடு நிற்குமே, ஏன் வைத்தீர்கள்?" என்றார். நான் தயார் செய்து வைத்திருந்த பதில் மறந்துவிட்டது. "நடந்தது சார்" என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போனார். மத்தியானம் மிக்சரும் டீயும் கொடுத்தோம். வீட்டில் கணவர் கேசரி கிளறி வைத்திருந்தார். நான் டாக்டர் ஆனேன். மறுநாள் காலை ஒன்பதுக்கு முதலாண்டு பி பிரிவுக்கு வகுப்பு இருந்தது, போனேன். சான்றிதழ்கள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. கல்லூரியோடு போட்ட ஒப்பந்தப்படி, பிஹெச்டி முடித்த பிறகும் மூன்று வருடம் இங்கே வேலை பார்த்த பின்தான் தருவார்கள்.

போன பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய பையும் கரும்புத் துண்டுகள் கட்டிய ஒரு கட்டும். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்று தயங்கினேன். அவளே கையைத் தூக்கினாள்.

ஓசூரில் அவள் வேலை, ஓடிக்கொண்டே வரும் பாகங்களைக் கேமரா வைத்துச் சோதிக்கிற இயந்திரங்களைக் கவனிப்பது. கீழே ஆறு பேர் இருக்கிறார்களாம். "புதுசா வர்றவங்க மொத வாரம் முழுக்க, ஒண்ணும் வைக்காம ஓட்டிப் பாக்கணும்னு வச்சிருக்கேன். எல்லாரும் திட்டுறாங்க" என்றாள். சிரித்தோம்.

ஆய்வேட்டில் அவள் அளவுகளைச் சேர்த்ததைச் சொன்னேன். தெரியும், கைடு ஒரு பிரதியை அனுப்பியிருந்தார் என்றாள்.

"என் மேல இன்னும் கோவமா?"

மரியாதைக்கு இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தப்பு யாருக்கும் வரும்க்கா. அந்த ஒரு வருஷம்கூடப் பரவாயில்ல, வேலை கத்துக்கிட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அந்த நாப்பது நாளுதான். தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல நின்னீங்கல்ல. அது மட்டும் நினைப்பு வந்துக்கிட்டே இருக்கு."

"எனக்கும்" என்றேன்.

சேலம் பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. கரும்புக் கட்டை நான் தூக்கிக் கொடுத்தேன், அவள் ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் குனிந்து, "பாப்பா எத்தனாவது படிக்கிறா?" என்று கேட்டாள். ஆறாவது என்று நான் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கேட்டிருக்குமா தெரியவில்லை. கல்லூரிப் பக்கம் போகும் டவுன் பஸ் அடுத்த நடைமேடையில் நின்றது. ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறினேன்.